அப்பா படித்த கல்லூரி: ஹார்வர்ட் அட்மிஷனில் குடும்பத் தொடர்பின் எடை

2010 முதல் 2015 வரை ஆறு ஆண்டுகளில் ஹார்வர்ட் கல்லூரிக்கு விண்ணப்பித்த அமெரிக்க மாணவர்களின் கணக்கு இது. அப்பாவோ அம்மாவோ அங்கே படித்திருந்த பிள்ளைகளில் 33.6 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. அப்படி யாரும் இல்லாத பிள்ளைகளில் 5.9 சதவீதம் பேருக்குக் கிடைத்தது. இந்த இரண்டு எண்களையும் ஹார்வர்ட் தானாக முன்வந்து சொல்லவில்லை. ஒரு வழக்கு போடப்பட்டு, மாணவர் தரவுகளை ஒப்படைக்க வேண்டிய நிலை வந்து, அதைப் பொருளியல் வல்லுநர்கள் பிரித்து மேய்ந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

குடும்பத் தொடர்பு கல்லூரி இடத்தை எவ்வளவு தீர்மானிக்கிறது என்ற கேள்விக்கு உலகெங்கும் ஊகங்கள் உண்டு, புகார்கள் உண்டு. ஆதாரம்தான் கிடைக்காது. சிபாரிசு என்பது தடயம் விட்டுச் செல்லாத வேலை. அந்த வகையில் ஹார்வர்ட் வழக்கு அரிய வாய்ப்பு. அட்மிஷன் அலுவலகத்தின் உள் மின்னஞ்சல்கள், மதிப்பீட்டு முறை, ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான விண்ணப்பங்களின் தரவு எல்லாம் நீதிமன்றப் பதிவில் இருக்கின்றன. அவற்றை வாசிக்கும்போது எனக்குப் பெரிதாகப் பட்டது, படிப்பு ஏறாத பணக்காரப் பிள்ளைகள் உள்ளே நுழைகிறார்கள் என்ற பழைய புகார் அல்ல. அப்படிச் சிலர் இருக்கலாம். அதைவிடக் கனமான விஷயம், சமமான தகுதியோடு பத்துப் பேர் வாசலில் நிற்கும்போது யாரைக் கூப்பிடுவது என்று முடிவாகும் கணத்தில் பெற்றோரின் பட்டம் பேசுகிறது என்பது. அந்தக் கணம் எப்படி நடக்கிறது என்பதை இந்த வழக்கு காட்டிக்கொடுத்தது.

வழக்கு

2014 நவம்பரில் ஸ்டூடன்ட்ஸ் ஃபார் ஃபேர் அட்மிஷன்ஸ் என்ற அமைப்பு பாஸ்டன் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஹார்வர்டுக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. ஆசிய அமெரிக்க மாணவர்களுக்கு எதிராக ஹார்வர்ட் பாரபட்சம் காட்டுகிறது, இனத்தைக் கணக்கில் எடுப்பதை நிறுத்த வேண்டும் என்பது கோரிக்கை. பெற்றோர் படித்த கல்லூரி என்ற சலுகை வழக்கின் மையமாக இல்லை. ஆனால் இனத்தின் எடையைத் தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டுமென்றால், மற்ற ஒவ்வொன்றின் எடையையும் அளந்தாக வேண்டும். அப்படித்தான் இந்தச் சங்கதி மேசைக்கு வந்தது.

விசாரணை 2018 அக்டோபரில் தொடங்கி மூன்று வாரம் நடந்தது. 2019-இல் நீதிபதி ஆலிசன் பரோஸ் ஹார்வர்ட் பக்கம் தீர்ப்பளித்தார். 2020 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலைகீழாக்கியது. மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பது செல்லாது என்றது. ஹார்வர்ட் வழக்கில் 6க்கு 2. நீதிபதி கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சன் ஹார்வர்டின் மேற்பார்வைக் குழுவில் இருந்தவர் என்பதால் அந்த வழக்கிலிருந்து விலகிக்கொண்டார்.

இன அடிப்படையிலான சலுகை போயிற்று. பெற்றோர் அடிப்படையிலான சலுகை நின்றது. தொடக்கத்திலிருந்து இந்த வழக்கைப் பின்தொடர்ந்தவர்களுக்கு இதுதான் ஆறவில்லை.

கோப்பு எப்படி நகர்கிறது

கட்ஆஃப், ரேங்க் லிஸ்ட், கவுன்சலிங் என்று பழகிய நமக்கு அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகங்களின் முறை லேசில் பிடிபடாது. அங்கே ரேங்க் லிஸ்ட் கிடையாது. ஒவ்வொரு மாணவரின் கோப்பையும் அலுவலர் ஒருவர் முழுக்க வாசித்து, படிப்பு, பாடத்துக்கு வெளியே செய்தவை, விளையாட்டு, குணநலன் என்று தனித்தனியாக 1 முதல் 6 வரை மதிப்பெண் போடுவார். 1 என்றால் மிகச் சிறப்பு. ஒட்டுமொத்த மதிப்பீடு ஒன்றும் உண்டு. பிறகு வட்டாரவாரியான துணைக்குழு விவாதிக்கும். கடைசியில் 40 பேர் கொண்ட முழுக்குழு கூடி, ஒவ்வொருவர் பெயருக்கும் வாக்கெடுக்கும். பெரும்பான்மை கிடைத்தால் இடம்.

இதில் எங்கே குடும்பம் நுழைகிறது? 2015-இல் சேர்ந்த வகுப்புக்கு அமெரிக்காவுக்குள்ளிருந்து மட்டும் சுமார் 26,000 விண்ணப்பங்கள். இடங்கள் ஏறத்தாழ 1,600. விண்ணப்பித்தவர்களில் 8,000-க்கும் மேற்பட்டோர் பள்ளி மதிப்பெண்ணில் முழுப் புள்ளி வாங்கியவர்கள். எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வின் கணிதத்தில் முழு மதிப்பெண் எடுத்தவர்கள் மட்டும் சுமார் 3,400 பேர். மதிப்பெண்ணை வைத்துப் பிரிக்கவே முடியாத கூட்டம் இது. ஆகவே ஏதாவது ஒரு கூடுதல் காரணம் தேவைப்படுகிறது. ஹார்வர்ட் அலுவலகத்தில் அதை டிப் என்பார்கள். தராசுத் தட்டை லேசாகத் தட்டிவிடுவது.

இந்த டிப் பெறுவோரில் நான்கு கூட்டத்தாரை நீதிமன்ற ஆவணங்கள் ஒன்றாகச் சேர்த்துப் பேசுகின்றன. பயிற்சியாளர்கள் தேர்ந்தெடுத்த விளையாட்டு வீரர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், அட்மிஷன் அலுவலகத் தலைவரான டீனின் சிறப்புப் பட்டியலில் இருப்பவர்கள், ஹார்வர்ட் ஆசிரியர்கள் மற்றும் ஊழியர்களின் பிள்ளைகள். விண்ணப்பித்தவர்களில் இவர்கள் எல்லோரும் சேர்ந்து சுமார் 5 சதவீதம். இடம் கிடைத்தவர்களில் சுமார் 30 சதவீதம்.

முழுக்குழு வாக்கெடுத்து முடித்த பிறகும் வேலை முடிவதில்லை. இடத்துக்கு மேல் சிலர் அதிகமாகத் தேர்வாகியிருப்பார்கள். அவர்களைக் கழிக்க வேண்டும். யாரைக் கழிக்கலாம் என்று யோசிக்கும்போது கையில் ஒரு பட்டியல் இருக்கும். பெயருக்கு எதிரே நான்கே நான்கு தகவல்கள்: பெற்றோர் ஹார்வர்டில் படித்தவரா, தேர்ந்தெடுக்கப்பட்ட விளையாட்டு வீரரா, நிதியுதவி தேவைப்படுபவரா, எந்த இனம். உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இந்தப் பட்டியல் விவரிக்கப்பட்டிருக்கிறது. நாலு வருஷம் ராத்திரி பகலாகப் படித்த மதிப்பெண், எழுதிய கட்டுரை, ஆசிரியர் கொடுத்த கடிதம் எதற்கும் அந்தத் தாளில் தனிக் கட்டம் இல்லை. அப்பாவின் பட்டத்துக்கு இருந்தது. 2023 தீர்ப்புக்குப் பிறகு அந்த நான்கில் இனம் என்ற கட்டத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. பெற்றோர் என்ற கட்டத்தை எந்த நீதிமன்றமும் தொடவில்லை.

1990-இல் கிடைத்த விளக்கம்

இந்த வழக்குக்கு ஒரு முன்கதை உண்டு. அதுதான் எனக்கு மொத்த விவகாரத்திலும் மிகவும் உறுத்துகிற பகுதி.

ஆசிய மாணவர்களை ஹார்வர்ட் ஓரங்கட்டுகிறது என்ற புகார் 1980-களிலேயே எழுந்தது. அமெரிக்கக் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் பிரிவு 1988-இல் விசாரணையைத் தொடங்கியது. பத்தாண்டுக் கணக்கைப் பார்த்தார்கள். வெள்ளை இன விண்ணப்பதாரர்களில் 17.4 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்திருந்தது. ஆசிய அமெரிக்கர்களில் 13.2 சதவீதம். படிப்பில் இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே தரம். அப்படியானால் இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது?

1990 அக்டோபரில் அறிக்கை வந்தது. பாரபட்சம் இல்லை என்றது. இடைவெளிக்குக் காரணம், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் தரப்படும் முன்னுரிமை. அந்த இரண்டு கூட்டத்திலும் ஆசியர்கள் குறைவு. அந்த முன்னுரிமை கல்லூரியின் நியாயமான தேவைகளுக்காக இருப்பது. ஆகவே சட்டப்படி தவறில்லை. அதாவது, ஒரு கதவு ஏன் உனக்கு மூடியிருக்கிறது என்று கேட்டவனுக்கு, உன் அப்பா இங்கே படிக்கவில்லையே என்ற பதில், அரசு முத்திரையோடு கிடைத்தது.

அந்த விசாரணையில் வாசிப்பவர்கள் கோப்புகளின் ஓரத்தில் எழுதிவைத்த குறிப்புகளும் வெளிவந்தன. அவற்றின் சாரத்தைத் தமிழில் தருகிறேன். ஒரு கோப்பில்: குடும்பத் தொடர்புதான் இங்கே முக்கியம். இன்னொன்றில்: தொடர்பு இல்லையென்றால் இந்த மாணவருக்காகச் சொல்ல அதிகமில்லை, இருப்பதால் தொடர்ந்து பார்ப்போம். மற்றொன்றில்: அப்பாவிடம் விளக்கிச் சொல்லக் கஷ்டமான கேஸ்.

கடைசியாகச் சொன்ன குறிப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளையின் விண்ணப்பத்தை வாசிக்கும் அலுவலர், முடிவைச் சொல்லும்போது எதிரே யார் நிற்பார் என்று நினைக்கிறார்? பிள்ளை அல்ல, அப்பா. மறுக்கப்படும் மற்ற பல்லாயிரம் பிள்ளைகளின் அப்பாக்களுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்பட்டதில்லை. ஓர் அச்சடித்த கடிதம் போதுமானதாக இருந்தது.

ஆரம்பம்

1900 வாக்கில் ஹார்வர்டில் யூத மாணவர்கள் 7 சதவீதம். 1922-இல் 21 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். நுழைவுத் தேர்வில் தேறினால் இடம் என்று இருந்த காலம் அது. குடியேறி வந்த ஏழை யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் படித்துத் தேறினார்கள். தலைவர் லாரன்ஸ் லோவெலுக்கு இது பிடிக்கவில்லை. வெளிப்படையாக ஒதுக்கீடு கொண்டுவந்து யூதர்களைக் கட்டுப்படுத்தப் பார்த்தார். ஆசிரியர்கள் ஒப்பவில்லை. பிறகு சுற்றுவழியில் அதே வேலை நடந்தது. 1926-இல் வகுப்பின் அளவுக்கு வரம்பு வந்தது. குணம், ஆளுமை என்ற அளவுகோல்கள் வந்தன. விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்கப்பட்டது. யூத மாணவர்களின் பங்கு சில ஆண்டுகளில் இறங்கியது.

இதே காலத்தில் பக்கத்துக் கல்லூரிகளும் இதே பாதையில்தான் போயின. டார்ட்மவுத் கல்லூரி 1922-இல் அறிவித்த தேர்வு முறையில், தகுதி பெற்ற முன்னாள் மாணவர்களின் மகன்கள் எல்லோருக்கும் இடம் உண்டு என்று எழுத்திலேயே வைத்தது. வெளியிலிருந்து வருபவர்களுக்குப் பல அளவுகோல், உள்ளே இருந்தவர்களின் வாரிசுக்கு ஒரே அளவுகோல்.

1935-இல் ஒரு மாணவர் ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தார். ஏன் ஹார்வர்ட் என்ற கேள்விக்கு ஐந்தே வாக்கியத்தில் பதில் எழுதினார். அவற்றில் ஒன்று, என் தந்தை படித்த கல்லூரியிலேயே படிக்க விரும்புகிறேன் என்பது. அந்தத் தந்தை, 1912-இல் ஹார்வர்டில் பட்டம் பெற்றவர், டீனுக்குத் தனியாகக் கடிதம் எழுதினார். பிடித்த விஷயத்தில் மகனுக்கு மூளை பிரமாதமாக ஓடும், பிடிக்காததில் அக்கறை இல்லாமல் இருப்பான் என்று ஒளிவுமறைவில்லாமலே அதில் சொல்லியிருந்தார். இடம் கிடைத்தது. மாணவரின் பெயர் ஜான் எஃப். கென்னடி. அவர் பிற்பாடு நாட்டின் அதிபர் ஆனார் என்பதால் தேர்வு சரியானதே என்று வாதிடுவோர் உண்டு. அன்று இடம் கிடைக்காமல் போனவர்கள் யார், அவர்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்பதற்கு எந்த நூலகத்திலும் கோப்பு இல்லை.

டீனின் பட்டியல்

முன்னாள் மாணவரின் பிள்ளை என்பது வெளியில் தெரிந்த சலுகை. டீனின் சிறப்புப் பட்டியல் அப்படி அல்ல; இந்த வழக்குக்கு முன் அதைப் பற்றி வெளியே பேசியவர்கள் குறைவு. நன்கொடையாளர்களின் குடும்பத்தினர், பல்கலைக்கழகத்துக்கு வேண்டியவர்கள் என்று தனிக் கவனம் பெறும் பெயர்கள் அதில் ஏறும். அந்தப் பட்டியலிலிருந்து விண்ணப்பித்தவர்களில் சுமார் 42 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. பத்தில் நாலு.

விசாரணையில் வாசிக்கப்பட்ட மின்னஞ்சல்களில் இரண்டைச் சொல்கிறேன். 2013-இல் ஹார்வர்டின் கென்னடி அரசியல் பள்ளியின் தலைவர், அட்மிஷன் டீன் வில்லியம் ஃபிட்சிமன்ஸுக்கு எழுதியது முதலாவது. நீங்கள்தான் என் ஹீரோ என்ற பொருளில் தலைப்பு. நீங்கள் சேர்த்துக்கொண்டவர்களை நினைத்து மகிழ்ச்சி தாங்கவில்லை, அவர்களில் ஒரு தரப்பு ஏற்கெனவே ஒரு கட்டடத்துக்கு ஒப்புக்கொண்டிருக்கிறது என்று போகிறது கடிதம். பெயர்கள் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. கட்டடம் என்ற சொல் அடிக்கப்படவில்லை.

இரண்டாவது, ஒரு மாணவரைப் பற்றி நிதி திரட்டும் பிரிவிலிருந்து வந்த மதிப்பீடு. அவருடைய தாத்தா ஹார்வர்டுக்கு ஏற்கெனவே 87 லட்சம் டாலர் கொடுத்தவர். இனிமேல் பெரிய தொகை வருவதற்கான வாய்ப்பு தென்படவில்லை என்கிறது அந்தக் கடிதம். ஒரு கலைச் சேகரிப்பு இருக்கிறது, அது நம் பக்கம் வந்தாலும் வரலாம், வேறொரு அருங்காட்சியகத்துக்குப் போகவே வாய்ப்பு அதிகம் என்றும் சொல்கிறது. பேரப்பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்தையொட்டி தாத்தாவின் ஓவியங்கள் யாருக்குப் போகும் என்று இரண்டு அலுவலகங்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் நாலைந்து முறை திரும்ப வாசித்த பக்கம் இது.

ஃபிட்சிமன்ஸைக் கெட்டவராகக் காட்டுவது என் நோக்கமல்ல. அவரே தன் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவர். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லாமல் படிக்க ஹார்வர்ட் திட்டம் வகுத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இது ஒரு மனிதரின் குணக்கேடாக இருந்திருந்தால் ஆளை மாற்றினால் தீர்ந்திருக்கும். அமைப்பே அப்படி வளைந்திருக்கிறது. நல்லவர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தும் தாத்தாவின் ஓவியங்கள் பற்றிய கடிதம் அவர் மேசைக்கு வந்து சேர்ந்தது.

இன்னொரு கதவும் இருந்தது. இசட் லிஸ்ட் என்பார்கள். ஆண்டுக்கு ஐம்பது அறுபது பேருக்கு, இந்த ஆண்டு வேண்டாம், ஒரு வருடம் கழித்து வந்து சேருங்கள் என்று இடம் கொடுக்கப்படும். அப்படிச் சேர்ந்தவர்களில் பாதிக்கு அருகில் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள்.

தகுதி இருக்கிறதே என்ற பதில்

ஹார்வர்ட் தரப்பின் வாதத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. படித்த பெற்றோரின் பிள்ளைகள், நல்ல பள்ளிகளில் படித்தவர்கள், விண்ணப்பத்தில் இயல்பாகவே வலுவாக இருப்பார்கள், ஆகவே 33.6, 5.9 என்ற இரண்டு எண்களை நேருக்கு நேர் நிறுத்துவது நியாயமில்லை என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள் சராசரி விண்ணப்பதாரரைவிட வலுவானவர்கள்தான்.

ஆகவே கேள்வியைக் கூராக்க வேண்டும். மற்ற எல்லாம் ஒன்றாக இருந்தால், பெற்றோரின் பட்டம் மட்டும் எவ்வளவு கூட்டுகிறது? டியூக் பல்கலைக்கழகப் பொருளியலாளர் பீட்டர் ஆர்சிடியாகோனோ இன்னும் இருவரோடு சேர்ந்து இதைக் கணக்கிட்டார். வழக்கில் அவர் ஹார்வர்டுக்கு எதிர்த்தரப்பின் வல்லுநர் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் அவரும், ஹார்வர்ட் தரப்பு வல்லுநரும் பின்னாளில் நோபல் பெற்றவருமான டேவிட் கார்டும் மோதிக்கொண்டது ஆசிய மாணவர்கள் பற்றிய கணக்கில். பெற்றோர் அங்கே படித்திருந்தால் கூடுதல் எடை உண்டு என்பதை ஹார்வர்டே மறுக்கவில்லை. ஆர்சிடியாகோனோ குழுவின் கணக்கு இப்படிச் சொல்கிறது: சாதாரணமாக 10 சதவீத வாய்ப்பு உள்ள ஒரு வெள்ளை இன மாணவருக்கு, பெற்றோர் ஹார்வர்டில் படித்தவர் என்ற ஒன்றை மட்டும் சேர்த்தால் வாய்ப்பு ஐந்து மடங்காகிறது. டீனின் பட்டியலில் பெயர் ஏறினால் ஏழு மடங்குக்கும் மேல். இடம் பெற்ற வெள்ளை இன மாணவர்களில் 43 சதவீதத்துக்கும் அதிகமானோர் மேலே சொன்ன நான்கு கூட்டத்தில் ஏதாவது ஒன்றில் இருந்தார்கள். அந்த நான்கில் இருந்தவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர், சாதாரண வெள்ளை இன விண்ணப்பதாரராக நடத்தப்பட்டிருந்தால் இடம் பெற்றிருக்க மாட்டார்கள்.

இதற்கும் ஒரு மறுப்பு சாத்தியம். விண்ணப்பத்தில் எழுத்தில் தெரியாத ஏதோ ஒரு நல்ல தன்மை அந்தக் குடும்பங்களில் வளர்ந்த பிள்ளைகளிடம் இருக்கிறது, அலுவலர்கள் அதைக் கண்டுகொள்கிறார்கள், கணக்கில் அது வரவில்லை என்று சொல்லலாம். 2023 ஜூலையில் வெளியான ஒரு பெரிய ஆய்வு இந்த மறுப்புக்குப் பதில் வைத்திருந்தது. அதைச் செய்தவர்கள் பொருளியலாளர் ராஜ் செட்டியும் இரு சக ஆய்வாளர்களும். செட்டி டெல்லியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா போனவர். ஹார்வர்டிலேயே படித்து அங்கேயே பேராசிரியராக இருப்பவர். ஹார்வர்ட் உள்ளிட்ட ஐவி லீக் என்ற பழம்பெரும் குழுவின் எட்டுப் பல்கலைக்கழகங்கள், அவற்றோடு ஸ்டான்ஃபோர்ட், எம்.ஐ.டி., டியூக், சிகாகோ ஆகிய பன்னிரண்டின் சேர்க்கையையும் வருமான வரித் தரவோடு பொருத்திப் பார்த்தார்கள்.

ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். ஒரு பெண் பிள்ளை. அம்மா இந்தப் பன்னிரண்டில் ஒன்றில் படித்தவர். பிள்ளை அம்மா படித்த இடத்துக்கும் விண்ணப்பிக்கிறாள், அதே தரத்து வேறு இடங்களுக்கும் விண்ணப்பிக்கிறாள். மதிப்பெண் ஒன்று, கட்டுரை ஏறக்குறைய ஒன்று, ஆசிரியர்களின் கடிதங்கள் ஒன்று. வீட்டில் கற்ற பண்பும் பழக்கமும் ஒன்றுதான். எழுத்தில் தெரியாத அந்த நல்ல தன்மை உண்மையிலேயே இருக்குமானால் எல்லா இடத்திலும் தெரிய வேண்டும். தெரியவில்லை. அம்மா படித்த இடத்தில் மட்டும் வாய்ப்பு எகிறுகிறது. மற்ற இடங்களில், ஒத்த தகுதியுள்ள எந்தப் பிள்ளையையும் போலத்தான் அவளும். பிள்ளையிடம் இருக்கும் ஏதோ ஒன்று அல்ல, பிள்ளைக்கும் அந்தக் கல்லூரிக்கும் இடையே இருக்கும் உறவுதான் எடைபோடப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

அந்த ஆய்வில் இன்னொன்றும் உண்டு. ஆண்டுக்கு 6 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்கும், மேல்தட்டு 1 சதவீதக் குடும்பப் பிள்ளைகள், அதே எஸ்.ஏ.டி. மதிப்பெண் எடுத்த நடுத்தர வர்க்கப் பிள்ளைகளைவிட இந்தக் கல்லூரிகளில் சேர்வதற்கு இரண்டு மடங்குக்கும் அதிக வாய்ப்பு உள்ளவர்கள். சேர்க்கையில் இருக்கும் இந்தச் சாய்வில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்குத் தரப்படும் சலுகை. மீதி விளையாட்டு வீரர் தேர்விலும், பாடத்துக்கு வெளியிலான தகுதிகளுக்குத் தரும் மதிப்பெண்ணிலும் இருக்கிறது. அதோடு, முன்னாள் மாணவர் குடும்பங்களுக்குள்ளேயே பணக்காரர்களுக்கு இந்தச் சலுகை கூடுதலாகவும் மற்றவர்களுக்குக் குறைவாகவும் வேலை செய்கிறது: மேல்தட்டு 1 சதவீதம் என்றால் ஐந்து மடங்கு, சாதாரண வருமானம் என்றால் மூன்று மடங்கு.

நம் வீட்டுப் பிள்ளைகள்

ஹார்வர்டில் இந்தச் சலுகை, பெற்றோர் ஹார்வர்ட் கல்லூரியிலோ பழைய ராட்கிளிஃப் கல்லூரியிலோ இளநிலை படித்திருந்தால்தான் வேலை செய்யும். இதன் பொருள் அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு நன்றாகவே தெரிய வேண்டும். கிண்டியிலோ திருச்சியிலோ கோவையிலோ பி.இ. முடித்து, மேற்படிப்புக்கோ வேலைக்கோ அமெரிக்கா போன தலைமுறையின் பிள்ளைகள்தான் இன்று விண்ணப்பிக்கிறார்கள். பெற்றோர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும், அந்தக் கட்டம் இவர்களுக்குக் காலியாகத்தான் இருக்கும்.

படித்த, வசதியான குடும்பங்கள் இவை. இவர்களுக்காகக் கண்ணீர் விட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. மிசிசிப்பியில் ஒரு கறுப்பினக் கிராமத்துப் பிள்ளைக்கும் அதே கட்டம் காலிதான், அவளுக்கு வேறு பல கட்டங்களும் காலி. ஆனால் 1990-இல் ஆசிய மாணவர்களின் குறைவான வாய்ப்புக்கு அரசு சொன்ன காரணம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் காரணம்தான் என்பதை மறக்கக் கூடாது. இந்திய வம்சாவளிப் பெற்றோர்களில் பலர் 2014-இலிருந்து முழுக் கோபத்தையும் இன அடிப்படையிலான சலுகையின் மீதே கொட்டினார்கள். அதே கோபத்தில் பாதியாவது பெற்றோர் படித்த கல்லூரி என்ற கட்டத்தின் மீது திரும்பியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கறுப்பின, ஸ்பானிய வம்சாவளி, ஆசிய அமெரிக்க மாணவர்கள் என்று தனித்தனியாகப் பார்த்தால், இடம் பெற்றவர்களில் அந்த நான்கு கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் ஒவ்வொரு பிரிவிலும் 16 சதவீதத்துக்கும் குறைவு. யாருடைய இடத்தை யார் எடுத்துக்கொண்டார் என்ற பேச்சில் இந்த எண் அதிகம் அடிபடவில்லை.

பணம் நின்றுவிடுமா

ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்? ஹார்வர்ட் தன் தரப்பில் ஒரு குழு போட்டு 2018-இல் அறிக்கை கொடுத்தது. முன்னாள் மாணவர்களோடு உறவு பலப்படுகிறது, அவர்கள் தரும் நிதியில்தான் ஏழை மாணவர்களுக்கு உதவித்தொகை நடக்கிறது, விண்ணப்பதாரர்களை ஊர் ஊராக நேர்காணல் செய்வதும் அவர்கள்தான் என்பது அதன் சாரம். நீதிபதி பரோஸும் தீர்ப்பில் இந்த முன்னுரிமைகளை எடுத்துவிட்டால் ஹார்வர்டுக்கு இழப்பு நேரும் என்று ஏற்றுக்கொண்டார்.

நம்பும்படியாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது வேறு. அமெரிக்காவின் முதல் நூறு பல்கலைக்கழகங்களை எடுத்து, 1998 தொடங்கி ஏறத்தாழ பத்தாண்டுக் கணக்கைப் பார்த்த ஆய்வு ஒன்றில், முன்னாள் மாணவர்களின் செல்வ நிலையைக் கணக்கில் எடுத்த பிறகு, இந்தச் சலுகை இருப்பதால் நன்கொடை கூடுகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. எம்.ஐ.டி. இந்தச் சலுகை இல்லாமலே உலகின் முதல் வரிசையில் இருக்கிறது.

இன்னும் நேரடியான சாட்சி பால்டிமோரில் இருக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் தலைவர் ரான் டேனியல்ஸ் காலத்தில், 2014-இல், சத்தமில்லாமல் இந்தச் சலுகையை நிறுத்தியது. வெளியில் சொன்னது 2020-இல்தான். 2009-இல் புதிதாகச் சேர்ந்தவர்களில் முன்னாள் மாணவர் குடும்பத்தினர் 12.5 சதவீதம். 2019-இல் 3.5 சதவீதம். ஏழைக் குடும்பங்களுக்கான கூட்டாட்சி உதவித்தொகை பெறத் தகுதியுள்ள மாணவர்கள் அதே பத்தாண்டில் 9 சதவீதத்திலிருந்து 19.1 சதவீதமாக உயர்ந்தார்கள். பணம்? 2018 நவம்பரில் முன்னாள் மாணவர் மைக்கேல் புளூம்பெர்க் மாணவர் உதவித்தொகைக்கென்றே 180 கோடி டாலர் அறிவித்தார். ஹார்வர்டின் அறக்கட்டளை நிதி 5,000 கோடி டாலருக்கு மேல். இந்தக் கட்டத்தை அழித்தால் கஜானா காலியாகிவிடும் என்று சொல்லும் நிலையில் அது இல்லை.

தீர்ப்புக்குப் பிறகு

2023 தீர்ப்பில் இனச் சலுகைக்கு எதிராக வாக்களித்த நீதிபதிகளில் ஒருவரான நீல் கோர்சச், தனியாக எழுதிய கருத்தில் நன்கொடையாளர், முன்னாள் மாணவர், ஆசிரியர் பிள்ளைகளுக்கான முன்னுரிமைகளைச் சாடினார். பெற்றோருக்கு வாய்த்த அதிர்ஷ்டத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாத பிள்ளைகளுக்கு இவற்றால் பயனில்லை, வெள்ளையர்களுக்கும் செல்வந்தர்களுக்குமே பெரும் பயன் என்பது அவர் சொன்னதன் பொருள். ஆனால் அது தீர்ப்பின் கட்டளை அல்ல.

நான்கு நாள் கழித்து, ஜூலை 3 அன்று, பாஸ்டன் பகுதியைச் சேர்ந்த கறுப்பின, லத்தீனோ அமைப்புகளின் சார்பில் ஹார்வர்டின் இந்தச் சலுகைக்கு எதிராகக் கல்வித் துறையில் புகார் கொடுக்கப்பட்டது. அதே மாதத்தில் துறை விசாரணையைத் தொடங்கியது. 1990-இல் இதே சலுகையை நியாயம் என்று முடித்துவைத்த அதே பிரிவுதான் கோப்பைத் திரும்பத் திறந்தது. அந்த ஜூலையிலேயே வெஸ்லியன் பல்கலைக்கழகம் சலுகையைக் கைவிட்டது. ஆம்ஹர்ஸ்ட் 2021-லேயே கைவிட்டிருந்தது. ஹார்வர்ட் கைவிடவில்லை.

மாநிலங்கள் சட்டத்தில் இறங்கின. கொலராடோ 2021-இல் அரசுக் கல்லூரிகளில் தடை செய்தது. 2024-இல் வர்ஜீனியாவும் இல்லினாயும் அரசுக் கல்லூரிகளுக்கு, மேரிலாண்ட் தனியாருக்கும் சேர்த்து. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று கலிஃபோர்னியா ஆளுநர் கவின் நியூசம் கையெழுத்திட்ட சட்டம், தனியார் கல்லூரிகளில் முன்னாள் மாணவர், நன்கொடையாளர் உறவுக்கான முன்னுரிமையை 2025 செப்டம்பர் முதல் தடுக்கிறது. அபராதம் எதுவும் அதில் இல்லை. மீறும் கல்லூரியின் பெயர் அரசு இணையத்தளத்தில் வெளியாகும், அவ்வளவுதான். மாநிலத்தின் மாணவர் உதவி நிதியைப் பெறும் கல்லூரிகளுக்கே அது பொருந்தும். ஸ்டான்ஃபோர்ட் இதற்கு ஒரு வழி கண்டது. முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்கான கணக்கைத் தொடர்வோம் என்றது. அதற்காக மாநிலம் தரும் உதவித்தொகையையே வேண்டாமென்று விட்டு, அந்த மாணவர்களுக்கான பணத்தைத் தன் கையிலிருந்து கொடுக்க முடிவெடுத்தது.